சின்னது மறையும் நேரம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அறைக் கதவில் வேறு ஏதோ நீளமாக எழுதி ஒட்டியிருக்கிறது, அதை யார் படித்தார்கள்? வாசலில் காவலுக்கு இருப்பவர் ஒருநாள் தன் மனைவியின் முழங்கால் படத்தைக் கொண்டுவந்து நீட்டி, "மேடம், எலும்புல விரிசல் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். "நான் பாக்கறது ஸ்டார்லேர்ந்து வர்ற எக்ஸ்ரேங்க, முட்டியெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். நட்சத்திரத்துக்கு யார் போய் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று அவர் மலைத்துப்போனார். யாரும் எடுப்பதில்லை, அதுவாகவே விடுகிறது என்று விளக்கப் போய் ஒரு முழுக் காலைப்பொழுது கரைந்தது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் சல்யூட் கொஞ்சம் பலமாக விழும்.

அவர் கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வியில்லை. தனியாக இருக்கும் நட்சத்திரம் இளமையில் தலைகால் புரியாமல் சுழலும், பொரிந்து தள்ளும். வயது ஏற ஏற வேகம் குறைந்து அடங்கிவிடும். நம் சூரியன் அப்படி அடங்கிப்போன ஆசாமி. ஆனால் இரண்டு நட்சத்திரங்கள் ரொம்ப நெருக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தால் அடங்க வழியே இல்லை. ஒன்று நிதானமாகப் போகலாம் என்று பார்த்தால் மற்றது இழுத்துப் பிடித்துச் சுழல வைக்கும். எந்நேரமும் ஒன்றின் அதே முகம் மற்றதைப் பார்த்தபடியே இருக்கும். அந்த வேகத்தில் உள்ளே காந்தம் முறுக்கேறி, மேலே இருக்கிற வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி, எக்ஸ்ரேயாகக் கொட்டித் தீர்க்கும். வயதாகியும் அடங்காத இந்த ஜோடிகள்தான் அவளுடைய பிழைப்பு.

இதில் வேடிக்கை, அவளோடு சேர்ந்து இதே வேலையைப் பார்ப்பவன் அவள் கணவன். அவன் நிறமாலை ஆள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, ஜோடியில் எது நம்மை நோக்கி வருகிறது, எது விலகிப் போகிறது என்று அளப்பான். கல்யாணமாகிக் காலங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தம்பதி இப்படிப்பட்ட நட்சத்திரங்களை ஆராய்ந்தால் நிலையத்தில் என்னென்ன ஜோக் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் வந்து, பழசாகி, ஓய்ந்தும் போய்விட்டன.

அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு ஜோடி இருந்தது. சொந்தம் என்றால், படிக்கிற காலத்திலிருந்து விடாமல் பார்த்துவருவது. அதில் ஒன்று பெரியது, கொஞ்சம் சூடு குறைந்தது. மற்றது சின்னது, பளிச்சென்றிருப்பது. மூன்று நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். எக்ஸ்ரேயை விடுவது இதில் எது என்பதுதான் வழக்கு. சின்னதுதான் என்பது அவள் கட்சி. பெரியதுதான் என்பது அவன் கட்சி. ஊரில் நட்சத்திரம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கட்சியும் அதுதான். எந்தத் தொலைநோக்கிக்கும் இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாகத்தான் தெரியும் என்பதால், சண்டை தீராமல் இத்தனை வருஷம் சுகமாக நடந்துவந்தது.

தீர்க்க ஒரே வழி கிரகணம். சுற்றும்போது ஒருமுறை சின்னது பெரியதற்குப் பின்னால் போய் முழுக்க மறையும். அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே அளவு படக்கென்று விழுந்தால் சின்னதுதான் திருடன். விழவே இல்லையென்றால் பெரியது. இதற்காக அவள் செயற்கைக்கோள் நேரம் கேட்டு விண்ணப்பித்து, தள்ளுபடியாகி, மறுபடி விண்ணப்பித்து, மறுபடி தள்ளுபடியாகி, கடைசியில் இந்த வருஷம் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை, அதுவும் பாதிச் சுற்றுக்கு மட்டும். செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் அணைத்துவிடப் போகிறார்கள். பார்க்கிற பாதி சரியான பாதியாக இருந்தாக வேண்டும். தவறினால் அவள் காலத்தில் இன்னொரு வாய்ப்பு இல்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் வீட்டில் வெடித்தது. நிலையத்துக் கூட்டத்தில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, எல்லோர் எதிரிலும் அவள், "அது எக்ஸ்ரே விஷயம், உனக்குப் புரியாது, விடு" என்று சொல்லிவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவன், வேறு நாட்டு மலையுச்சித் தொலைநோக்கி ஒன்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"போயேன். உன்னை யார் பிடிச்சு வச்சிருக்கா?" என்றாள்.

இதை அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நூறு தடவையும் அவன் போனதில்லை. இந்தத் தடவை மெத்தையைச் சுருட்டிக்கொண்டு மாடி இறங்கினான். கீழே அவன் தங்கை பல் டாக்டர், வீட்டின் தரைத்தளமே அவளுடைய மருத்துவமனை. அதன் பின்னறையில் போய்ப் படுத்துக்கொண்டு, "தனியா இருந்து பழகிக்கணும்ல" என்றானாம். பிறகு ஒரு வாரம் கழித்து மலை வேலைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டான் என்பது நாத்தனார் வாயால்தான் மேலே வந்து சேர்ந்தது. மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். இருவருக்குள்ளும் பேச்சே இல்லை.

வேலை மட்டும் நின்றுவிடவில்லை. ஜோடியின் சுற்று வருஷங்கள் போகப் போக இம்மியளவு முன்னே பின்னே நகரும், அதனால் செயற்கைக்கோளுக்கு நேரம் குறிக்கப் புது அளவு வேண்டும். மாடி இறங்கிப் போன மறுநாளே அவன் அதை அனுப்பிவிட்டான். ஆனால் எப்போதும்போல அடுப்படியில் நின்றுகொண்டு வாயால் சொல்லவில்லை. அலுவலக மெயிலில், "எக்ஸ்ரே பிரிவின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்து அனுப்பியிருந்தான். அந்த முதல் வரி அவளைச் சுருக்கென்று குத்தியது. குத்தியதைக் காட்டிக்கொள்ளாமல் எண்களை எடுத்தாள், கணக்குப் போட்டாள், சின்னது மறையும் நேரத்தைக் குறித்து அனுப்பிவிட்டாள்.

செயற்கைக்கோளின் அட்டவணையைப் போடும் பெண்ணுக்கு நிலையத்தில் டைம்டேபிள் என்று பெயர். ஒரு நண்பகலில் அவள் போன் செய்தாள்.

"மேடம், இன்னிக்கு சாயந்தரம் அட்டவணையை மூடிடுவோம். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நீங்க கொடுத்த நேரத்தைப் பொதுப் பட்டியலோட ஒத்துப் பார்த்தேன். அதுப்படி பார்த்தா அந்த நேரத்துல சின்னது பின்னால போகல, முன்னால வருது."

"அந்தப் பட்டியல் அரதப் பழசும்மா. சுத்து நகர்ந்திருக்கும்."

"அரைச் சுத்தா நகரும்? தெரியாமத்தான் கேக்கறேன்."

மேடம் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். நகராது. அரை மணி நகரும், ஒரு மணி நகரும். அரைச் சுற்று என்றால் ஒன்றரை நாள். எந்த நட்சத்திரமும் அவ்வளவு தூரம் வழி தவறாது. அரைச் சுற்று வித்தியாசம் வர ஒரே காரணம்தான் உண்டு: யாரோ பூஜ்யத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று ஓரிடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கெல்லாம் நடக்கும். உலகம் முழுக்க, பெரியது முன்னால் வந்து சின்னதை மறைக்கிற நேரம்தான் பூஜ்யம். இவர்கள் இருவருக்கும் மட்டும் அது தலைகீழ். மாணவர்களாக முதன்முதலில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது சின்னது முன்னால் வந்த கிரகணம். "நம்ம கணக்கு இங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்" என்று அவன்தான் சொன்னான். அவன் நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதே புரிந்தது. கட்டுரை எழுதும்போது கடைசியில் அரைச் சுற்றைக் கூட்டி ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்குள் எப்போதும் வீட்டுப் பூஜ்யம்தான். இது ஒரு முறைகூட மாறியதில்லை.

மாற்றிவிட்டான். பாழாகப் போக இருந்த அந்தப் பாதிச் சுற்றுகூட அவளுக்கு அந்த நிமிஷம் பெரிதாகப் படவில்லை. நம் பூஜ்யத்தை விட்டுவிட்டானே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

ஆனால் அது அவள் ஊகம்தானே. ஊகத்தை நம்பி நேரத்தை மாற்றி, ஊகம் தப்பாகப் போனால் அதற்கும் மேல் அசட்டுத்தனம். அவனைக் கேட்டால் ஒரு சொல்லில் தெரிந்துவிடும். போன் அடித்தாள், எடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பலகை மேல் கால் வைத்துக் கடந்தாள். கேட்க வேண்டியதை மனத்துக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் சண்டையில்தான் போய் முடிந்தன.

பல் மருத்துவமனையில் நல்ல கூட்டம். வீங்கிய கன்னத்தைத் தாங்கியபடி நாலைந்து பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே துளைபோடும் சத்தம் நின்று, முகமூடியும் கையுறையுமாக நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி. பல்லுக்கா, அண்ணனுக்கா?"

"உங்க அண்ணனுக்குத்தான்."

"பின்னாடி இருக்காரு. அதைப் பிடுங்கறது என்னால ஆகாது, நீங்களே பாத்துக்குங்க."

பின்னறையில் அலமாரி முழுக்க யார் யாருடைய பல்வரிசையோ மாவில் அச்செடுத்து அடுக்கியிருந்தது. நடுவில் மடக்குக் கட்டில், கட்டிலின் மேல் திறந்த பெட்டி. அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். அவள் மடித்தால் இப்படிக் கோணலாக வராது.

"எந்தப் பூஜ்யம்?" என்றாள். வந்ததும் வராததுமாக அதுதான் வாயில் வந்தது.

அவன் கையில் இருந்த சட்டையைப் பார்த்தபடியே, "ஊர்ப் பூஜ்யம்" என்றான்.

"ஏன்?"

"ஆபீஸ் மெயில்ல போச்சு. ஆபீஸ்ல எல்லாரும் எதை வச்சிருக்காங்களோ அதை அனுப்பினேன்."

"எனக்குத்தானே அனுப்பினே?"

"எக்ஸ்ரே பிரிவுக்கு அனுப்பினேன்."

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடத்துக்கு வந்து, கன்னம் வீங்கியவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு டைம்டேபிளைக் கூப்பிட்டாள். "அம்மா, நீ சொன்னதுதான் சரி. அரைச் சுத்து தள்ளிப் போடணும்." அப்படித் தள்ளினால் வேறு யாருடைய நேரத்திலோ போய் இடிக்கும், அவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன், லைன்லயே இருங்க என்றாள் டைம்டேபிள். லைனிலேயே இருந்தாள். பெஞ்சில் இருந்த கிழவர் ஒருவர் இவளுக்கும் பல்வலி என்று நினைத்து, பாவம் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்து, தரையில் இருந்த ஓடுகளை வெறித்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் சட்டை மடிக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"மாத்தியாச்சு மேடம்," என்று கடைசியில் குரல் வந்தது.

அவள் நன்றி சொல்லிவிட்டு, பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நிலையத்துக்கே போய்விட்டாள்.

தரவு வந்து சேர்ந்த நாளும் அவன் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளும் ஒன்றாக அமைந்தன. நிலையத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கலாம். விரல் ஓடவில்லை. இத்தனை வருஷச் சண்டையின் தீர்ப்பு, எதிர்க்கட்சி இல்லாமல் எப்படிப் படிப்பது? மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் பல் மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். பெஞ்சு காலியாக இருந்தது. பின்னறைக் கதவைத் தட்டி, "வந்துடுச்சு. பாக்கறியா?" என்றாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் வந்தான்.

வீட்டிலேயே பெரிய திரை, நாத்தனார் பல் படம் பார்க்கிற திரைதான். அவள் ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டு, "இதுல இதுவரைக்கும் கடவாப் பல்லுதான் வந்திருக்கு" என்று சொல்லி, நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டாள்.

திரையில் புள்ளிகள் இடமிருந்து வலமாக நிரம்பின. உயரத்தில் ஆரம்பித்த வரைகோடு நடுவில், சின்னது மறைகிற இடத்தில், தரையைத் தொட்டது.

"விழுந்துடுச்சு!" என்று அவள் கத்தியே விட்டாள். "பாத்தியா, விழுந்துடுச்சு! சின்னதுதான், நான் அன்னிக்கே சொன்னேன்!"

அவன் திரைக்குக் கிட்டப் போய் மூக்கு படுகிற மாதிரி நின்றான். விரலால் கோட்டைப் பின்னோக்கித் தடவிப் பார்த்தான். அப்புறம் மெல்ல, "எப்பலேர்ந்து விழுதுன்னு பாரு" என்றான்.

பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. சின்னது மறைவதற்கு ரொம்ப நேரம் முன்பிருந்தே கோடு சரிந்துகொண்டு வந்திருந்தது. மறைந்து வெளியே வந்த பிறகும் அவசரமில்லாமல் மெல்ல மெல்லத்தான் ஏறியது. சின்னதுதான் விடுகிறது என்றால், அது பின்னால் போகிற கணத்தில் படீரென்று விழ வேண்டும். அப்படி ஒரு படியே இல்லை. சின்னது ஒளிந்ததையே எக்ஸ்ரே கண்டுகொள்ளவில்லை.

"பெரிசுதான்," என்றாள். சொல்வதற்குக் கசந்தது. அடுத்த வினாடியே கசப்பு மறந்துபோய், "ஆனா பெரிசு முழுக்க இல்ல. பெரிசோட ஒரு பக்கம் மட்டும்" என்றாள்.

"அந்தப் பக்கம்," என்றான் அவன். அவன் குரலும் ஏறிவிட்டது. "சின்னதைப் பாத்துக்கிட்டு இருக்கே, அந்த முகம் மட்டும்."

"எனக்கும் புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன்," என்றாள் நாத்தனார்.

மேடம் சொன்னாள். பெரியதின் ஒரு முகம் எப்போதும் சின்னதையே பார்த்தபடி இருக்கிறது. தீயெல்லாம் அந்த முகத்தில்தான். சின்னது பின்னால் போகும்போது அந்த முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, நமக்குத் தெரிவது பெரியதின் முதுகு. முதுகில் ஒன்றுமே இல்லை, கிட்டத்தட்ட நம் சூரியன் மாதிரி சாதுவாக இருக்கிறது.

"சரிதான். எதிர்ல ஆள் இருந்தா மட்டும் எரியறது. எனக்குத் தெரிஞ்ச ஜோடி ஒண்ணு மாடியிலயே இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு நாத்தனார் எழுந்து கை கழுவப் போனாள்.

இருவரும் சிரிக்கவில்லை. அவன் பின்னறைக்குப் போனான், அவள் பின்னாலேயே போனாள். பெட்டி மூடியிருந்தது. விமானம் விடியற்காலையில். இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றியதால் அவள் நேராகவே சொன்னாள்.

"அந்தப் பாதிச் சுத்து போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. நீ நம்ம பூஜ்யத்தை விட்டுட்டே பாரு, அதுதான் தாங்க முடியல. அன்னிக்கு கூட்டத்துல நான் பேசினது தப்புதான். அதுக்காக இப்படியா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்து, மாவுப் பல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வேணும்னுதான் மாத்தி அனுப்பினேன். ஆபீஸ் வழக்கம்னு சொன்னதெல்லாம் சும்மா. நீ பிரிச்ச உடனே கண்டுபிடிச்சுடுவே, தடதடன்னு படியில இறங்கி வந்து 'என்னடா பண்ணி வச்சிருக்கே'ன்னு கத்துவேன்னு நெனச்சேன். அட்டவணை மூடறதுக்குள்ள நீயா வரலைன்னா நானே சொல்லிடறதாத்தான் இருந்தேன். தினம் காதைத் தீட்டிக்கிட்டு இங்க உக்காந்திருந்தேன். அந்த ஒரு வாரம் நீ வரவே இல்ல. நான் அனுப்பின எண்ணை ஏறெடுத்துக்கூடப் பாக்கல போலருக்கு, அவ்வளவுதான் என் மதிப்புன்னு முடிவு பண்ணினேன்."

"பாக்கலதான்," என்றாள்.

"அதான் தெரியுதே."

"என்ன தெரியுது உனக்கு? செயற்கைக்கோள் அனுப்பற எண்ணை மூணு தடவை பாப்பேன். என் எண்ணை நாலு தடவை பாப்பேன். டைம்டேபிள் என்ன சொன்னாலும் திருப்பிக் கேப்பேன். நீ கொடுத்ததை நான் என்னிக்குச் சரிபாத்திருக்கேன்? வாங்குவேன், அப்படியே போடுவேன்."

அவன் திரும்பினான். "ஒருதடவை கூடவா?"

"ஒருதடவை கூட."

அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக்கூடத் தோன்றாமல், கோபமாக, "பாத்திருக்கணும் நீ" என்றான். "பாத்திருந்தா வந்து கத்திருப்பே. நானும் கத்திருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். ஒரு வாரம் பாத்துட்டுத்தான் கையெழுத்தைப் போட்டேன்."

அவள் நம்பிய நம்பிக்கையெல்லாம் இவனுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. வாய் விட்டு ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். ஊரில் எல்லோரையும் குறை சொல்லத் தெரிந்த வாய்க்கு இது ஒன்று மட்டும் வரவில்லை. இப்போது மூன்று வருஷம், கடலுக்கு அந்தப் பக்கம், ஒப்பந்தம் போட்டது போட்டதுதான். பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அழுதாள். அவன் அவள் முதுகில் கை வைத்தான்.

கூடத்தில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது. நாத்தனார் துளைபோடும் கருவியை ஓட்டிப் பார்த்தாள். மேடம் அவன் கோணலாக மடித்த சட்டை ஒன்றிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மலையிலேர்ந்து எண் அனுப்புவே இல்ல?"

"அனுப்புவேன்."

"ஒவ்வொண்ணையும் சரிபாக்கப் போறேன். தினம் போன் பண்ணிச் சண்டை போடுவேன்."

"தப்பே இல்லைன்னா?"

"கண்டுபிடிப்பேன்," என்றாள்.